மில் போன பேட்டையில் வாடகை வீடு: போர்ஷனா, பழைய அபார்ட்மென்டா, ஆலை நிலத்து அடுக்குமாடியா?

பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்பு, பெரம்பூர் என ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் வடசென்னைப் பகுதிகளில் வாடகைக்கு வீடு தேடுகிறவருக்கு இன்று மூன்று வகை வீடுகள் கிடைக்கின்றன. மில் தொழிலாளர் காலத்து வீட்டைத் தடுத்துப் பிரித்த போர்ஷன் ஒரு வகை. தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் சிறு பில்டர்கள் கட்டிய, லிஃப்ட் இல்லாத மூன்று மாடி அபார்ட்மென்ட் இன்னொன்று. ஆலை இருந்த நிலத்தில் எழுந்துள்ள, காவலாளியும் நீச்சல் குளமும் கொண்ட உயரமான அடுக்குமாடி மூன்றாவது. கடந்த ஐப்பசியில் மூன்று வகையிலும் ஒவ்வொரு வீட்டை மனதில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் அலைந்தோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள்; மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான்; அம்மாவுக்கு முழங்கால் வலி. வாடகை முறையே 9,000, 16,500, 32,000 ரூபாய். டு-லெட் பலகையில் கண்ணில் படும் இந்த எண்தான் முடிவெடுக்க மிகக் குறைவாக உதவியது என்பதை அலையும்போதே தெரிந்துகொண்டோம்.

இந்தத் தெருக்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கு மில்தான் காரணம் என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்னி நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருந்த துணி ஆலைகளான பக்கிங்ஹாம் மில்லும் கர்நாடிக் மில்லும் 1920-இல் ஒன்றாக இணைந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1918 ஏப்ரலில், பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று நடத்திய சென்னைத் தொழிலாளர் சங்கம் இங்கே உருவாகிவிட்டது. சங்கு ஊதியதும் நடந்தே மில் வாசலுக்குப் போய்விடக்கூடிய தூரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் குடியிருக்க வேண்டியிருந்ததால், மனைகள் சிறியவையாகவும் சந்துகள் குறுகலாகவும் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவையாகவும் அமைந்தன. 1996-இல் மில் மூடப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் அந்த வளாகம் சினிமாப் படப்பிடிப்புக்குப் பயன்பட்டது. பிறகுதான் அடுக்குமாடிகள் வந்தன. மில் போனாலும் சந்தின் அகலம் மாறவில்லை. கார் வைத்திருப்பவருக்குப் போர்ஷன் வீடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பயனில்லை. இரு சக்கர வண்டியை நிறுத்தவே பக்கத்து ஷெட்டுக்கு மாதம் 400 ரூபாய் கேட்டார்கள்.

வீடு பார்க்க வேண்டுமென்றே ஐப்பசியைத் தேர்ந்தெடுத்தோம். ஓட்டேரி நல்லா என்ற நீரோடைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் நடுவே தாழ்வாகக் கிடக்கும் இந்தப் பகுதியில், மழை பெய்த மறுநாள் தெரு சொல்லும் உண்மையை எந்தப் புரோக்கரும் சொல்லமாட்டார். 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பட்டாளமும் புளியந்தோப்பும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. பட்டாளத்தில் நாங்கள் பார்த்த போர்ஷன் தரைத்தளத்தில் இருந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்ததால் சுவரில் எந்தத் தடமும் இல்லை. ஆனால் பிளக் பாயின்ட் எல்லாமே என் தோள் உயரத்தில் இருந்தன. டிவி வைக்கும் இடத்திலும், மிக்ஸி வைக்கும் இடத்திலும், கட்டிலுக்குப் பக்கத்திலும் அதே உயரம்தான். குழந்தைகள் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்ததாக வீட்டுக்காரர் விளக்கினார். எதிர் போர்ஷனில் இருந்த அம்மாள், தன் வீட்டு ஃப்ரிட்ஜ் ஏறி நின்ற கடப்பாக்கல் மேடையைக் காட்டி, "இருபத்தொண்ணுல இந்தக் கல்லு வரைக்கும் வந்துச்சுப்பா, அப்புறம்தான் சுவிட்சை எல்லாம் மேல ஏத்துனாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பிளக் பாயின்ட் எந்த உயரத்தில் இருக்கிறது, கதவின் அடிப்பலகை ஊறியிருக்கிறதா, வாசற்படிக்கு முன் குறுக்காகச் சிறு சிமென்ட் தடுப்பு எழுப்பியிருக்கிறார்களா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். இரண்டு தெரு தள்ளிப் போனால் ஒன்றரை அடி மேடு கிடைக்கும் என்பதுதான் இங்கே விசித்திரம். ஆகவே பகுதியின் பெயரை வைத்து வெள்ளத்தைக் கணிக்காமல், தெருவை வைத்தும் தளத்தை வைத்தும் கணிக்க வேண்டும்.

போர்ஷனுக்குச் சாதகமானவற்றையும் மறைக்கக் கூடாது. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை அது. சித்திரை வெயிலில் அதன் கீழ் கிடைக்கும் குளிர்ச்சியைக் கான்கிரீட் வீடு தராது. உத்தரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் செல் அரித்திருந்தாலோ மேலே தளத்தில் ஆலஞ்செடி முளைத்திருந்தாலோ அந்தக் குளிர்ச்சிக்காக ஆசைப்படக் கூடாது. இன்னொரு சாதகம் மனிதர்கள். நான்கு குடித்தனம் இருக்கும் முற்றத்தில் அம்மா பகலில் தனியாக இருக்கிறாரே என்ற கவலை எழவே எழாது. அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்பது தெரிவதும், நம் வீட்டுச் சண்டை அவர்களுக்குத் தெரிவதும் அதனோடு சேர்ந்தே வருகின்றன.

பாதகம் தண்ணீரில் தொடங்கியது. நான்கு குடித்தனத்துக்கும் ஒரே சம்ப், ஒரே மோட்டார். அதன் சுவிட்ச் வீட்டுக்காரரின் பூட்டிய அறைக்குள். காலையில் அரை மணி நேரமும் மாலையில் அரை மணி நேரமும் போடுவதாகச் சொன்னார். அவர் ஊருக்குப் போனால் என்ன செய்வீர்கள் என்று குடியிருப்பவர்களைக் கேட்டபோது, வாசலில் இருந்த கை பம்பைக் காட்டினார்கள். குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர்க் குழாயில் பொருத்திய அந்தப் பம்பில் விடியற்காலையில் அடித்தால்தான் வரும். இரண்டு குடம் தூக்க முடியாத அம்மாவும், ஏழரைக்கு ரயிலைப் பிடிக்க வேண்டிய நாங்களும் அந்த வரிசையில் எப்படி நிற்பது? கழிப்பறை இரண்டு குடித்தனத்துக்கு ஒன்று. அதைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை. வயதானவர் இருக்கும் வீட்டுக்கு அது ஒத்துவராது.

மின்சாரக் கணக்கில்தான் பலர் கவனிக்காமல் பணத்தை விடுகிறார்கள். நாங்கள் வீடு தேடியபோது தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக இருந்தது. பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே மாறிவிடும். நான்கு குடித்தனமும் ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்து ஓடும்போது மொத்தப் பயன்பாடு எளிதாக உச்சப் படிநிலைக்குப் போய்விடுகிறது. வீட்டுக்காரர் எல்லோரிடமும் யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று ஒரே விலையாக வாங்குகிறார். எங்களுடையதைப் போன்ற வீட்டில் இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் என்று வைத்தால் 1,620 ரூபாய், அதாவது மாதம் 810. அதே 180 யூனிட் தனி இணைப்பில் ஓடினால், அப்போதைய கணக்கில் 80 யூனிட்டுக்கு மட்டும், அதுவும் கீழ்ப்படி விலையில், கட்டினால் போதும். இத்துடன் வண்டி நிறுத்தும் 400, குடிக்கக் கேன் தண்ணீருக்கு 800 சேர்த்தபோது 9,000 ரூபாய் போர்ஷன் 11,000-ஐத் தாண்டியது.

இந்தப் போர்ஷனுக்கு வீட்டுக்காரர் வேறொரு ஏற்பாட்டையும் முன்வைத்தார்: 7 லட்சம் ரூபாய் கொடுத்தால் மாத வாடகையே வேண்டாம், இரண்டு ஆண்டு கழித்து முழுத்தொகையையும் திருப்பிக் கொடுத்துவிடுவார். வடசென்னையில் 'லீசுக்கு விடப்படும்' என்று எழுதித் தொங்கும் பலகைகளின் பொருள் இதுதான். பழைய பெயர் போக்கியம். மாதச் சம்பளத்தில் வாடகை கட்டித் தேய்கிறவருக்கு இது வரமாகத் தெரியும். எனக்கும் இரண்டு நாள் அப்படித்தான் தெரிந்தது. கணக்குப் போட்டால், வாடகைக்கு எடுத்தால் கொடுக்க வேண்டிய அட்வான்ஸ் 60,000-ஐக் கழித்துவிட்டு மீதி 6,40,000 ரூபாயை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் ஆண்டுக்கு 44,800, மாதத்துக்கு ஏறக்குறைய 3,730 கிடைக்கும். வாடகையோ 9,000. ஆக மாதம் 5,270 ரூபாய் மிச்சம். இரண்டு ஆண்டில் ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்று மேல்.

அந்த ஒன்றேகால் லட்சத்துக்காக 7 லட்சத்தைப் பணயம் வைக்கிறோம் என்பதுதான் மறுபக்கம். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் போக்கியப் பணத்தைக் கையில் வைத்திருப்பதில்லை. கடனை அடைக்கவோ மகள் கல்யாணத்துக்கோ வாங்குகிறார்கள். அடுத்த குடித்தனக்காரர் கொடுக்கும் பணத்தைத்தான் நமக்குத் திருப்பித் தர முடியும். அடுத்தவர் வரத் தாமதமானால் நாம் காலி செய்ய முடியாமல் அதே வீட்டில் மாட்டிக்கொள்வோம். அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து தவணை நின்றுபோனால், வீட்டைக் கைப்பற்ற வரும் வங்கி நம் கையில் உள்ள காகிதத்தைப் பெரிதாக மதிக்காது. உண்மையான போக்கியம் என்பது சட்டப்படி அனுபவ அடமானம்; அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். நடைமுறையிலோ முத்திரைத்தாளில் பதினொரு மாத 'லீஸ் அக்ரிமென்ட்' ஒன்றை எழுதி, பதிவுச் செலவை மிச்சப்படுத்திவிட்டதாக இரு தரப்பும் மகிழ்ந்துகொள்கின்றன. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பது அவசியம்தான். அதில் எல்லாக் கடனும் தெரிந்துவிடும் என்று நம்பாமல் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்கக் கேட்க வேண்டும். நாங்கள் கேட்டபோது, பத்திரம் 'தம்பி வீட்டில்' இருப்பதாகப் பதில் வந்தது. போக்கியப் பேச்சு அத்துடன் நின்றது. இதைவிட மலிவாக, குடிசை மாற்று வாரியம் என்று இன்னும் அழைக்கப்படும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பில் ஒதுக்கீட்டுதாரர் ஒருவர் தன் வீட்டை வாடகைக்குத் தருவதாகவும் புரோக்கர் சொன்னார். ஒதுக்கீடு பெற்றவர் அதை மேல்வாடகைக்கு விட அனுமதி இல்லை என்பதால் அந்த வீட்டை நாங்கள் போய்ப் பார்க்கவே இல்லை.

ஆலை நிலத்து அடுக்குமாடியில் நாங்கள் பார்த்த வீடு பதினோராவது மாடியில் இருந்தது. அங்கே தண்ணீரைப் பற்றியோ வெள்ளத்தைப் பற்றியோ கேள்வி எழவில்லை. மின்தடைக்கு ஜெனரேட்டர், அம்மாவுக்கு லிஃப்ட், மகனுக்கு விளையாட இடம் என்று எல்லாம் இருந்தன. பால்கனியிலிருந்து பார்த்தால் கிழக்கே துறைமுகத்தின் கிரேன்கள் தெரிகின்றன. மில் சங்கின் நேரத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்த தெருவில் வளர்ந்த என் அம்மா, அந்தப் பால்கனியில் வெகுநேரம் நின்று எந்த மூலையில் எந்த வாசல் இருந்தது என்று தேடிக்கொண்டிருந்தார், கண்டுபிடிக்க முடியவில்லை. வாடகை 32,000-உடன் மெயின்டனன்ஸ் 4,800 தனி. மொத்தம் 36,800 கொடுக்கிறவருக்கு இதே தொகையில் நகரின் வேறு பகுதிகளிலும் வீடு கிடைக்கும் என்பதால், இந்தப் பேட்டையில் இருப்பதற்கான காரணம் வேலையோ உறவோ ஏதாவது ஒன்று வலுவாக இருந்தால்தான் இது பொருந்தும். காய்கறி வாங்கவே வண்டி எடுக்க வேண்டியிருந்ததும், வாசலில் யார் வந்தாலும் போனில் அனுமதி கொடுக்க வேண்டியிருந்ததும் சிலருக்குப் பாதுகாப்பாகத் தோன்றலாம். எங்கள் வீட்டுக்கு நாளுக்கு நான்கு பேர் சொல்லாமல் வந்து போவார்கள். அவர்களை வாசலிலேயே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவதாகப் பார்த்த வீடு பெரம்பூரில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், எட்டு வீடுகள் கொண்ட அபார்ட்மென்டின் முதல் மாடி. வெளிச்சுவரில் பாசி, சமையலறைக் குழாய் ஒழுகல், பதினெட்டுப் படிகள். இவற்றைத் தவிர அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை என்பதே அதன் தகுதி என்று நினைக்கிறேன். தனி மின் இணைப்பு உண்டு. மோட்டார் போடும் முறை எட்டு வீட்டுக்கும் வாரம் மாற்றி வருகிறது. மெட்ரோ தண்ணீர் நின்றால் போர் தண்ணீர். இரண்டும் போனால் லாரிக்கு எட்டுப் பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மெயின்டனன்ஸ் 1,200-ஐச் சேர்த்து மாதம் 17,700. அடுக்குமாடியோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு இரண்டேகால் லட்சத்துக்கும் மேல் குறைவு. போர்ஷனைவிட மாதம் ஆறாயிரத்துச் சொச்சம் அதிகம். அந்தத் தொகைக்குத் தனிக் கழிப்பறையும், மழைக்காலத் தூக்கமும், விடியற்காலை ஒரு மணி நேரமும் கிடைக்கின்றன.

போக்குவரத்தில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பெரம்பூரில் மின்சார ரயில் ஏறினால் வியாசர்பாடி ஜீவா, பேசின் பிரிட்ஜ் தாண்டிச் சென்ட்ரல்; பெசன்ட் நகர்ப் பக்கம் போக 29சி பேருந்து. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்குப் போடப்படும் மெட்ரோ பாதை பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி வழியாகப் பூமிக்கடியில் வருகிறது. ரயில் ஓடுவதற்கு முன்பே அதைக் காட்டி வாடகையை ஏற்றுகிற வழக்கம் தொடங்கிவிட்டது. இன்று கிடைக்காத வசதிக்கு இன்று பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று தயங்காமல் சொல்லலாம். நாங்கள் சொன்னோம், 500 ரூபாய் குறைந்தது. மேலே சொன்ன 16,500 குறைத்த பிறகான தொகை.

இந்தப் பகுதிக்கே உரிய இரண்டு விஷயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். நகரின் வேறு சில பகுதிகளில் வீடு கேட்டுப் போன் செய்தால் வரும் முதல் கேள்வி, சைவமா அசைவமா என்பது. அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். போர்ஷன் வீட்டுக்காரர் கேட்டது எத்தனை பேர், எங்கே வேலை என்ற இரண்டை மட்டுமே. அபார்ட்மென்டில் மட்டும் ஒருவர் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தார்; பெரம்பூர் முழுவதும் சமத்துவபுரமாகிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. இன்னொன்று முகவரி. புளியந்தோப்பு என்று எழுதினால் கடன் விண்ணப்பத்தைப் பார்க்கிறவர் முகம் மாறுவதும், இரவில் வாடகைக் கார் ஓட்டுநர் சவாரியை ரத்து செய்வதும் இங்கே வாழ்கிறவர்கள் தினமும் சந்திப்பவை. இந்த அநியாயத்தால்தான் வாடகை குறைவாக இருக்கிறது என்றால், அந்தக் குறைவை அனுபவிப்பதில் குற்ற உணர்வு தேவையில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும் வயதில் பிள்ளை இருக்கும் வீடு மட்டும் இதை ஒருமுறை யோசித்துக்கொள்ளலாம்.

எந்த வீடானாலும் காகிதம் முக்கியம். 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகார அமைப்பில் பதிந்து எண் பெற வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொண்டாலொழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. அந்த 'ஒத்துக்கொண்டாலொழிய' என்ற வாசலின் வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் இன்னமும் உள்ளே வருகிறது. பேச்சை நாம் மூன்றில் தொடங்கினால் ஐந்தில் முடிக்கலாம். நாங்கள் அப்படித்தான் முடித்தோம். சுவருக்கு வெள்ளையடிப்பதும் குழாய், மின் கம்பி மாற்றுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு, குழாய் வாஷரும் சுவிட்சும் குடியிருப்பவர் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணையே பிரித்து வைத்திருக்கிறது. சமையலறை ஒழுகலைக் காட்டி அந்தப் பக்கத்தைப் பணிவாக நீட்டியபோது, வீட்டுக்காரர் பிளம்பரை அன்றே வரச் சொன்னார்.

தனி ஆளாகவோ, புதிதாக வேலைக்கு வந்த இரண்டு நண்பர்களாகவோ இருந்தால், மேட்டுத் தெருவில் உள்ள ஒரு மாடிப் போர்ஷனை, போக்கியத்துக்கு இல்லாமல் வாடகைக்கு, நான் தயங்காமல் எடுப்பேன். எங்கள் குடும்பத்துக்குப் பெரம்பூர் முதல் மாடிதான் என்று முடிவாயிற்று. படியில் ஏறும்போது அம்மா பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி பொருத்தித் தரவும் வீட்டுக்காரர் சம்மதித்தார். மார்கழி பிறந்துவிட்டால் யாரும் குடி போகமாட்டார்கள் என்பதால் கார்த்திகைக் கடைசி வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினோம். சாமான் ஏற்றியபோது, பழைய தரைத்தள வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு அடியில் கிடந்த இரண்டடி இரும்பு ஸ்டாண்டை எடைக்குப் போட்டுவிடலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. முதல் மாடியிலும் எங்கள் ஃப்ரிட்ஜ் அதன் மேல்தான் நிற்கிறது. மேல்தட்டைத் திறக்க மகன் முக்காலி போட்டுக்கொள்கிறான்.